எக்ஸிமாவோடு குடித்தனம்: அரிக்காத நாளில் தொடங்கும் வேலை

ராத்திரி இரண்டு மணி. விழிப்பு வரும்போதே கை முழங்கை மடிப்பில்தான் இருக்கும். எப்போது சொறிய ஆரம்பித்தோம் என்றே தெரியாது. விரல் நுனியில் பிசுபிசுவென்று ஈரம் பட்ட பிறகுதான் புண்ணாகிவிட்டது புரியும். விளக்கைப் போட்டால் போர்வையில் தவிடு தூவினாற்போல் செதில். சொறிகிற அந்த ஒரு நிமிடம் சுகம், அடுத்த நிமிடம் எரிச்சல், காலையில் பார்த்தால் நேற்றைவிடப் பெரிய திட்டு.

இந்த ராத்திரி உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ பழகிப்போய், "இது எக்ஸிமா" என்று மருத்துவர் இப்போதுதான் பெயர் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கு. நான் மருத்துவர் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே இந்தத் தோலோடு குடித்தனம் நடத்துகிற ஆள். பல வருடங்களை வீணடித்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எக்ஸிமாவுக்கான வேலையில் முக்கால் பங்கு, அரிப்பு இல்லாத நாட்களில் செய்ய வேண்டியது. நாமோ அரிக்கும்போது மருந்தைத் தேடுகிறோம், அடங்கியதும் டியூபை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிடுகிறோம்.

முதலில், இது எக்ஸிமாதானா?

நம் பேச்சு வழக்கில் சொறி, சிரங்கு, படை, கரப்பான் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லப்படுகிறவை. ஆனால் மருந்து மாறினால் விளைவும் மாறும் என்பதால், பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் படி.

பரம்பரையாக வருகிற அடோபிக் வகை எக்ஸிமாவைத்தான் அதிகம் பார்க்கிறோம். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கைகால்களின் வெளிப்புறத்திலும் வரும். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, மணிக்கட்டு. பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமை. தோல் எப்போதும் வறண்டிருக்கும், அரிப்பு இல்லாமல் இருக்காது. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமைத் தும்மலோ இருப்பது சகஜம். தொட்டால் ஒட்டாது. ஒரே துண்டு, ஒரே படுக்கை, எதிலும் பயமில்லை.

இது போதாதென்று வேறு வகைகளும் உண்டு. சோப்பு, சலவைத்தூள், சிமென்ட், நிக்கல் கலந்த நகை போன்றவை பட்ட இடத்தில் வருவது தொடுதோல் அழற்சி. உள்ளங்கையிலும் விரல் ஓரங்களிலும் ஜவ்வரிசி போன்ற சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாக வருவது ஒரு வகை. நாணயம் போல வட்டமாக வருவது இன்னொன்று. நாள்பட்ட நரம்புச் சுருட்டலால், அதாவது காலின் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருள்வதால், கணுக்காலுக்கு மேலே வருவது மற்றொன்று.

எக்ஸிமா போலவே வேஷம் போடுகிறவற்றில் இரண்டை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, சிரங்குப் பூச்சியால் வருகிற சொறி. வீட்டில் ஒருவருக்கு மேல் ராத்திரியில் அரிக்கிறது, விரல் இடுக்குகளில் பொடிப்பொடியாக இருக்கிறது என்றால் அதைச் சந்தேகியுங்கள். அது தொற்றும், வீட்டார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். இன்னொன்று படர்தாமரை. ஓரம் மேடாகவும் நடு தெளிந்தும் வளையமாகப் பரவும் பூஞ்சைத் தொற்று. இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். தொடையில் வந்த வட்டத்தைப் பழைய எக்ஸிமா என்று நினைத்து, வீட்டில் மிச்சம் கிடந்த ஸ்டீராய்டு க்ரீமைத் தடவினேன். அரிப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரத்தில் வட்டம் உள்ளங்கை அளவாகிவிட்டது. மருத்துவர் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, "பூஞ்சைக்கு நீங்களே தீனி போட்டிருக்கிறீர்கள்" என்றார். அன்றிலிருந்து, மருத்துவர் பார்த்துச் சொல்லாத புதுத் திட்டு எதிலும் நான் ஸ்டீராய்டு வைப்பதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸிமா "சிவந்து" காணப்படும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு எடுத்துத் தெரியாது. அடர்பழுப்பாக, ஊதாவாக, சில சமயம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அதனாலேயே அழற்சியின் கடுமை குறைத்து மதிப்பிடப்படுகிறது. தொட்டுப் பாருங்கள்: சூடாக, மேடாக, சொரசொரப்பாக இருந்தால் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது. அடங்கிய பிறகு மாதக்கணக்கில் தங்கும் கருமையோ வெளிறலோ நோய் அல்ல, அது போன தடம். அதை அழிக்கிறேன் என்று வெளுப்பாக்கும் க்ரீம்களைத் தேடிப் போகாதீர்கள்.

தோலுக்குள் நடப்பது

எக்ஸிமா என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் "கொதித்துப் பொங்குதல்" என்று பொருள். பெயர் வைத்தவர் அனுபவித்திருக்க வேண்டும்.

நல்ல தோல் மெருகேற்றிய பாத்திரம் மாதிரி: உள்ளிருக்கும் நீர் வெளியே போகாது, வெளியிலிருப்பது உள்ளே வராது. நம் தோல் மண்பானை. கசியும். பானைக்கு அது பெருமை, தோலுக்குச் சங்கடம். மேல்தோலின் செல்களை இறுக்கிக் கட்டவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006இல் தெரியவந்தது. கசிகிற இடத்தின் வழியாக ஈரம் போகிறது, தூசும் சோப்பும் கிருமியும் நுழைகின்றன, உடலின் எதிர்ப்பு மண்டலம் பதறிக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது, அரிக்கிறது. சொறிந்தால் பானையில் இன்னும் விரிசல். இந்தச் சுழலை அறுப்பதற்குத்தான் கீழே சொல்வது அத்தனையும். கசிவை அடைப்பது மாய்ஸ்சரைசர். அழற்சியை அணைப்பது மருந்து. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

குளியலும் பூச்சும்

குளிக்கக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். தினமும் குளிக்கலாம். ஐந்து முதல் பத்து நிமிடம், வெதுவெதுப்பான நீர். சூடான நீர் அரிப்பின் மேல் விழும்போது கிடைக்கும் இதம் ஒரு கடன்; அரைமணி நேரத்தில் வட்டியோடு திருப்பிக் கேட்கும். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் சோப்பு வேண்டாம். வாசனை சேர்க்காத, நுரை அதிகம் வராத தோல் சுத்திகரிப்பானோ, மாய்ஸ்சரைசரையே சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவுவதோ போதும். நார், பிரஷ் எல்லாவற்றுக்கும் விடை கொடுங்கள்.

குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். நான் டப்பாவைக் குளியலறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அறைக்குப் போய்ப் பூசிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், கதை அவ்வளவுதான்.

பூசும் விதம்: டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், கிருமி சேராது. புள்ளி புள்ளியாக வைத்து, முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக நீவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைபட்டுக் கொப்புளிக்கும். தோல் பளபளவென்று நின்றால் அளவு சரி. உடனே உறிஞ்சிக் காணாமல் போனால் போதவில்லை, இன்னொரு தடவை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறுவது அளவில்தான். உடம்பு முழுக்க எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை மாய்ஸ்சரைசர் தேவைப்படும். பெரியவர்களுக்கு 500 கிராமைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஐம்பது கிராம் டியூப் உங்கள் வீட்டில் ஒரு மாதம் வருகிறது என்றால், நீங்கள் பூசவில்லை, பொட்டு வைக்கிறீர்கள்.

எது நல்லது: லோஷனா, க்ரீமா, ஜெல்லா, களிம்பா? லோஷனில் நீர் அதிகம், களிம்பில் கொழுப்பு அதிகம். களிம்புதான் உயர்ந்தது என்று நானும் நெடுநாள் நம்பினேன். பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 550 குழந்தைகளிடம் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நீங்கள் முகம் சுளிக்காமல் தினமும் பூசக்கூடியது எதுவோ அதுதான் உங்களுக்கு நல்லது. பகலில் க்ரீம், ராத்திரி களிம்பு என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வாசனைப் பொருள் இருக்கக் கூடாது. "மணமற்றது" என்று போட்டிருந்தாலும், மூல நெடியை மறைக்க வாசனை சேர்த்திருப்பார்கள். உட்பொருள் பட்டியலைப் படிப்பதுதான் வழி. யூரியா கலந்தவை தடித்த தோலுக்கு நல்லவை, ஆனால் வெடித்த தோலில் சுரீரென்று எரியும்.

ஒரு எச்சரிக்கை. மாய்ஸ்சரைசர் ஊறிக் காய்ந்த துணியும் படுக்கை விரிப்பும் சட்டென்று தீப்பிடிக்கும், வேகமாக எரியும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. அடுப்பு, விளக்கு, சிகரெட் அருகே கவனம்.

ஸ்டீராய்டு: பயமும் அளவும்

அழற்சியை அணைக்கும் ஸ்டீராய்டுகளில் ஒன்றான, தோலில் பூசும் ஹைட்ரோகார்டிசோன் 1952இல் எக்ஸிமா சிகிச்சைக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய மருந்துக்கு இன்றும் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒரு சாரார் பெயரைக் கேட்டாலே ஓடுகிறார்கள். இன்னொரு சாரார் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, பவுடர் பூசுவதுபோல் மாதக்கணக்கில் பூசுகிறார்கள். நான் முதல் கட்சியில் பல வருடம் இருந்தவன். கொஞ்சூண்டு எடுத்து, ஒரு நாள் பூசி, மறுநாள் பயந்து நிறுத்தி, நான்காம் நாள் மறுபடி ஆரம்பித்து... கணக்குப் பார்த்தால் ஒழுங்காகப் பூசியவர்களைவிட அதிக நாள் பூசியிருப்பேன், பலன் மட்டும் கிடைக்கவில்லை.

வீரியத்தில் நான்கு படிகள் உண்டு. ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. குளோபெட்டசோன் பியூட்டிரேட் நடுத்தரம். பீட்டாமெத்தசோன் வேலரேட், மொமெட்டசோன் வீரியமானவை. குளோபெட்டசால் புரோப்பியோனேட் மிக வீரியமானது. முகம், கண்ணிமை, அக்குள், தொடை இடுக்கு இவற்றின் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உள்ளிழுக்கும்; மென்மையானதே போதும். உள்ளங்கை, பாதத்துக்கு மென்மையானது எட்டவே எட்டாது. அதனால் ஒரே டியூபை உடம்பு முழுக்கப் பூசுகிற பழக்கம் வேண்டாம். எந்த டியூப் எந்த இடத்துக்கு என்று மருத்துவரிடம் கேட்டு, டியூபின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

அளவுக்கு எளிய கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபைப் பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். இது, விரல்களைச் சேர்த்துவைத்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பெரியவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை அளவு, ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு. திட்டின் மேல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், எத்தனை உள்ளங்கை என்று எண்ணுங்கள், பாதியாக்குங்கள். அவ்வளவுதான் கணக்கு.

திட்டு கிளம்பியதும் தாமதிக்காமல் தொடங்குங்கள். மருத்துவர் சொன்னபடி நாளுக்கு ஒன்றோ இரண்டோ தடவை. கண்ணுக்கு அடங்கியது போல் தெரிந்தாலும் இன்னும் இரண்டு நாள் தொடரச் சொல்வார்கள். நெருப்பு அணைந்தாலும் கங்கு இருக்கும். தடவிப் பார்க்கும்போது பக்கத்துத் தோல் போலவே வழவழப்பாக இருக்க வேண்டும். மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே இருபது முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்து, வேண்டாத இடத்துக்கும் பரவும்.

ஒரே இடத்தில் அடிக்கடி திரும்பி வருகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள், அடங்கிய இடத்தில் மட்டும் மருந்து வைக்கும் முறை உண்டு. நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அரிக்காத நாளின் வேலை என்று, அதன் உச்சம் இதுதான். என் முழங்கை மடிப்புக்கு மாதம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த தொல்லை, இந்த முறைக்கு மாறிய பிறகு வருடத்துக்கு மூன்று நான்காகக் குறைந்தது. ஆனால் மருத்துவர் திட்டம் போட்டுக் கொடுத்தால் மட்டுமே.

பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீரியமானதை இடைவிடாமல் நெடுங்காலம் பூசினால் தோல் மெலியும், கோடு விழும், ரத்தக்குழாய் தெரியும். குறிப்பாக முகத்தில் மாதக்கணக்கில் பூசிவிட்டு நிறுத்தினால், முன்னைவிட மோசமாக எரிந்து சிவக்கும் நிலை வரலாம். அப்படிப்பட்ட இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத பூச்சு மருந்துகளான டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் இருக்கின்றன. முதல் சில நாள் எரியும், பிறகு பழகும்.

சொறியும் கை

குழந்தையிடம் "சொறியாதே" என்பது "தும்மாதே" என்று சொல்வது போலத்தான். என் அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னார், நான் அவருக்குத் தெரியாமல் சொறியக் கற்றுக்கொண்டேன். சொறிவதற்குப் பதில் கைக்கு வேறு வேலை கொடுங்கள்: ஈரத்துணியை வைத்து அழுத்துவது, குளிரூட்டிய மாய்ஸ்சரைசரைப் பூசுவது, அரிக்கும் இடத்தைத் தட்டாமல் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிப்பது. நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை ராவிவிடுங்கள். ராத்திரி பருத்திக் கையுறை. தூக்க மயக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகள் தூங்க வைக்கலாம், ஆனால் எக்ஸிமா அரிப்பை அவை பெரிதாகக் குறைப்பதில்லை.

தூண்டுகிறவை ஆளுக்கு ஆள் மாறும். வியர்வை, கம்பளி, வாசனைத் திரவியம், சலவைத்தூள் மிச்சம், தூக்கக் கேடு, மனக்கலக்கம் ஆகியவை பொதுவானவை. கைகளில் எக்ஸிமா உள்ளவர்கள் பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என இரட்டைக் கையுறை போட வேண்டும். நீச்சலுக்கு முன் மாய்ஸ்சரைசர், வந்ததும் கழுவிவிட்டு மறுபடி மாய்ஸ்சரைசர். ஒரு பொருள்தான் காரணம் என்ற சந்தேகம் வலுத்தால் முதுகில் பட்டை ஒட்டிச் செய்யும் பரிசோதனை இருக்கிறது. 48 மணி நேரம் கழித்துப் பட்டையை எடுத்து, பிறகு இன்னும் ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் ஆளுக்கொரு யோசனை வரும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு உணவு காரணமே இல்லை. சின்ன வயதிலேயே கடுமையாக வந்து சிகிச்சைக்கு அடங்காத குழந்தைகளில் சிலருக்குப் பாலோ முட்டையோ காரணமாக இருக்கலாம். அதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். நீங்களாக ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் குழந்தையின் வளர்ச்சிதான் அடிபடும்.

காசு போகும் வழிகள்

எக்ஸிமா உள்ள வீட்டுக்கு யோசனைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சிலவற்றை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். கடின நீரை மென்னீராக்கும் கருவி எக்ஸிமாவைக் குறைக்கவில்லை (2011). ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை உதவவில்லை (2013). மருத்துவப் பட்டாடை சாதாரண உடையைவிட மேலானதாக இல்லை (2017). குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்ச் சேர்மங்கள் கூடுதல் பலன் தரவில்லை (2018). ஆலிவ் எண்ணெய் தோலின் அரணைக் குலைக்கிறது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எதைப் பூசினாலும் நல்லது என்ற நினைப்பில் எண்ணெய்ப் புட்டியைத் திறக்க வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

தேன் நிறப் பொருக்கு, சீழ், திடீரென்று பரவும் சூடும் வலியும் வந்தால் பாக்டீரியாத் தொற்று; தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதைவிட ஆபத்தானது ஹெர்ப்பீஸ் என்ற வைரஸ் தொற்று. ஒரே அளவில், ஆணியால் குத்தி எடுத்தாற்போல் சின்னச் சின்னக் குழிப்புண்கள் கூட்டமாக வரும், அரிப்பைவிட வலி அதிகம், காய்ச்சலும் சோர்வும் சேரும். கண்ணருகே என்றால் பார்வைக்கே ஆபத்து. இதை அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உதட்டில் ஹெர்ப்பீஸ் கொப்புளம் இருப்பவர் எக்ஸிமாக் குழந்தையை முத்தமிடாமல் இருப்பது நல்லது.

பூசும் மருந்துக்கு அடங்காவிட்டால்

அதோடு வழி முடிந்துவிடவில்லை. புற ஊதா ஒளிச் சிகிச்சை இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி, அழற்சியைத் தூண்டும் இரண்டு சமிக்ஞைகளை மட்டும் குறிவைத்து அடைக்கிறது. சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். அப்ரோசிட்டினிப், உபாடாசிட்டினிப் மாதிரியான மாத்திரைகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எளிதில் கேட்காதீர்கள். விழுங்கிய வாரம் தேவலோகம், நிறுத்திய வாரம் பழையதைவிட மோசம்.

இந்தக் கட்டத்துக்கு உங்கள் நிலை வந்துவிட்டதா என்று சொல்ல 'போயம்' (POEM) என்ற ஏழு கேள்விக் கணக்கு உதவும். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் கசிந்தது, வெடித்தது, உரிந்தது, வறண்டது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 28. எட்டு முதல் பதினாறு வரை மிதமானது, பதினேழிலிருந்து கடுமையானது. மாதத்துக்கு ஒரு தடவை எழுதி வைத்தால், "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்று மழுப்ப வேண்டியிருக்காது.

திட்டு கிளம்பிய ராத்திரிகளில் கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள், விளக்கு வெளிச்சத்தில், தேதியோடு. இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும், காலியானவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளன்று மட்டும் இந்தத் தோல் ரொம்பச் சமர்த்தாக இருக்கும்.